கோணல் தையல் வகுப்பு

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அக்காவுக்குத் தையல் வெறும் பொழுதுபோக்கு. ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளுக்கும் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்திக்குத் தையல் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. மறுவாரமே அவள் அம்மா படிப்பை நிறுத்தி, துணிக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டாள்.

"எல்லாம் உங்க புண்ணியம்க்கா!" என்று கும்பிட வேறு செய்தாள்.

அந்தப் பெண்ணின் தங்கைக்காவது படிப்பு மிஞ்சட்டும் என்று, அவளுக்கு அக்கா கோணல் தையல் மட்டுமே கற்பித்தார். சின்னவளும் சமர்த்து, நண்டு நடந்த மாதிரி தைத்து, தொங்கும் நூலைக் கத்திரியால் நறுக்கினாள்.

ஆறே மாதத்தில் அவளும் வேனில் உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்கு ஒரு கோடு நேரா தைக்க வராதேம்மா!" என்று அக்கா பதறினார்.

"தைக்கவே வேணாமாம்க்கா. தைச்ச துணியில பிசிர் வெட்டினா போதுமாம். கத்திரி பிடிக்கத்தான் நல்லா பழக்கிட்டீங்களே!"