அரப்புத் தண்ணீருக்கு வந்த புழுக்கள்

என் வீட்டுக்காரருக்குத் தறியைவிடத் தூண்டில் மேல்தான் ஆசை. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சந்து தாண்டினால் காவேரி. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆனால் புழு தோண்டச் சொன்னால் மட்டும், மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப் போனால் நூலிழை சிக்கும் என்பார். சோம்பலுக்கு இவ்வளவு அழகாகத் தொழில்பக்தி பூசியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கல்யாணமான வருஷம் ஐப்பசியில் எனக்கு ஒரே கவலை. தலை தீபாவளிக்கு ராசிபுரத்தில் இருந்த என் அப்பா வீட்டுக்குப் போயாக வேண்டும். மாமியாரோ, "தறியில பாவு கெடக்கறப்ப ஊட்டைப் பூட்டிக்கிட்டுப் போவாங்களா? நெய்ஞ்சு அறுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலில் இன்னும் மூன்று சேலை நெய்ய வேண்டியிருந்தது. பண்டிகைக்கு ஒன்பது நாள். அவர் நெய்த வேகத்துக்குப் பொங்கலே வந்திருக்கும்.

அன்றைக்கு நல்ல மழை. தறிக்குழியில், அவர் கால் மிதிக்கிற இடத்தில், ஒரு மண்புழு நெளிந்து வந்தது. "மிதிக்கிற அதிர்ச்சிக்கு நாக்குப்பூச்சி வெளிய வருது பாரு புள்ள!" என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவர், பொழுது சாய்ந்துதான் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதித்தால் புழு வரும் என்று நம்பினால் தறியை விட்டு எழமாட்டாரே என்ற யோசனையும் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது அரப்புத் தண்ணீர் ஓடுகிற வாழையடியில் புழுக்கள் துடித்து மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை தலைக்குத் தேய்க்கிற அந்த அரப்புத் தூளை ஒரு பிடி சொம்பில் கரைத்து அங்கே ஊற்றினேன். வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் மண் நெளிந்தது. பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, அவர் குளிக்கப் போன சமயத்தில் அத்தனையையும் தறிக்குழியில் போட்டேன்.

வந்து உட்கார்ந்தார். பார்த்தார். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு இழைகூட ஓடவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் கணக்காகப் போட்டேன். காலையில் ஒன்றும் கிடையாது. பகல் சோற்றுக்கு அவர் எழுந்ததும் துணியை அளந்து பார்ப்பேன். மூன்று முழம் ஏறியிருந்தால் நாலு புழு, ஐந்து முழம் என்றால் கை நிறைய. குறைந்தால் பட்டினி. "இறுக்கி மிதிச்சாத்தான் வருது" என்று மிதித்தார் பாருங்கள், பரணில் இருந்த பானையெல்லாம் ஆடியது.

அரப்பு டப்பா காலியாவதை மாமியார் கவனித்துவிட்டார். "ஏம்புள்ள, நெதமும் தலைக்கு ஊத்தறயா?"

"பேனுங்க, அத்தை" என்றேன். அன்றிலிருந்து அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் மூன்று சேலையையும் நெய்து அறுத்து இறக்கினார். ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆண்பிள்ளையை ஏய்த்த பெருமையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்கொப்பன் ஊட்டுல அரப்பு இருக்குதா?"



"எந்த நாக்குப்பூச்சி புள்ள அரப்பு போட்டுக் குளிக்குது? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

"தெனமும் புழு தேடி வருது, வேண்டாங்கறதா?"

அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. "அப்படீன்னா எதுக்குங்க அந்த மிதி மிதிச்சீங்க?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் அது தலை தீபாளிதான புள்ள."

 ராசிபுரம் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விரல்களில் இன்னும் அரப்பு வாசம் போகவில்லை.