சுகந்தி பெயரில் ஒரு காலண்டர்

சிவகாசியில் காலண்டர் அடிக்க நினைப்பவர்கள் ஆடிப்பெருக்கு கழிந்த பிறகு போங்கள். அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பங்களை அன்றைக்குத்தான் வெளியிடுகிறார்கள். நான் போனது 2007 ஆகஸ்டில். என் மகள் சுகந்தி ரத்தப் புற்றுநோயில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்ய முழுப் பொருத்தமுள்ள ஆள் கிடைக்கவில்லை. பெற்ற எங்கள் இருவருக்குமே பாதிப் பொருத்தம்தான். பாதியை வைத்துச் செய்வது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். அதனால் அவள் பெயரில் ஒரு நினைவு நிதி தொடங்கினோம். அவள் படம் போட்ட காலண்டரை விற்று, அந்த ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவிக்கு உதவித்தொகை கொடுக்கிறோம். கடைசியாக அடித்த காலண்டரில் பாதி விற்கவே இல்லை. உதவித்தொகையை நிறுத்த வேண்டி வருமோ என்ற பயத்தோடுதான் ரயில் ஏறினேன்.

விருதுநகரில் இறங்கும்போது காலை ஆறு மணி. அங்கிருந்து சிவகாசி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்கு எட்டு ரூபாய், ஒரு மணி நேரம். தீபாவளி சீசன் என்பதால் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள் கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். பக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஓர் அம்மா. மாதிரிக்காக என் மடியில் வைத்திருந்த சுகந்தி காலண்டரின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆரு சார் இந்தப் பிள்ள? எம்புட்டு லட்சணமா இருக்கு!"

"என் மகம்மா."

"என்ன படிக்குது?"

"இப்ப இல்லம்மா. தவறிட்டா."

கை விலகியது. கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீக சார். வெடிமருந்து வேலைக்குப் போறோம். அதக் கொஞ்சம் கவுத்தி வச்சுக்கிறீகளா?"

சுருக்கென்றது. கோபத்தோடுதான் கவிழ்த்தேன். அவர் இறங்கும்வரை பேசவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அச்சக முதலாளி காதர் பாயிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவர் டீ வரும்வரை பொறுத்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார். பெத்தவுககிட்ட எப்படிச் சொல்ல? வருசம் பொறக்கையில போன பிள்ள படத்த மாட்ட யோசிப்பாக. வாங்குனவுக வீட்லயும் அலமாரிக்குள்ளதான் கெடக்கும். பிள்ளையாரப் போடுங்க, அம்புட்டும் போயிரும்."

பிள்ளையாருக்கு பாய் சிபாரிசு. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். எதிரிலிருந்த டெலிபோன் பூத்திலிருந்து மனைவி சரோஜாவைக் கூப்பிட்டேன்.

"அவ மொகம் இல்லாம அது என்னங்க நினைவு நிதி?" என்றாள்.

"இன்னொரு வீட்ல, அப்பாவோட பாதியே போதும்னு டாக்டர் சொல்லணும்ல, சரோஜா."

மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "நம்ம வீட்டுக்கு மட்டும் ஒண்ணு, அவ படத்தோட கெடைக்குமான்னு கேளுங்க" என்றாள்.

ஒரே ஒரு பிரதி எந்த அச்சகத்திலும் அடிக்க மாட்டார்கள். கூச்சத்தோடுதான் கேட்டேன். பாய் என் கையிலிருந்த காலண்டரை வாங்கினார். படத்தின் கீழிருந்த தேதித்தாள் கட்டை ஸ்டேப்ளர் பின்னோடு பிடுங்கிவிட்டு, மாதிரிக்கு வைத்திருந்த புது வருடக் கட்டை அதே இடத்தில் பின் அடித்துக் கொடுத்தார். "நல்லா பத்திரமாக் கொண்டு போங்க, அட்ட மடங்கிராம" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் யாரும் கேட்காமலே அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: சீசனில் சிவகாசியில் ரூம் கிடைப்பது கஷ்டம், பட்டாசு வியாபாரிகள் நிரப்பிவிடுவார்கள். விருதுநகரில் தங்குங்கள், எண்ணெய் பரோட்டாவும் கிடைக்கும். நினைவு நிதிக்காகக் காலண்டர் அடிப்பதானால், என்ன படம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பூத்தில் நின்று பேசுகிற விஷயமில்லை அது.

பிள்ளையார் அத்தனையும் விற்றுவிட்டார். மாணவியின் ஆராய்ச்சி தொடர்கிறது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பிள்ளையார் இருந்தால், அவர் காலடியில் பொடி எழுத்தில் 'சுகந்தி' என்று இருக்கும். கடைப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள்.