செண்பகத்தோப்பு மலையில் நீல ஈப்பிடிப்பானின் கூட்டைத் தேடி

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷின் இரைச்சல் என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பேச்சு கேட்கும். மெல்லிய, கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது. இந்தக் காதோடுதான் போன வைகாசியில், மலையில் குஞ்சு பொரிக்கும் பறவைகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலராகப் போனேன். பறவை பார்ப்பது பழைய பழக்கம்தான். ஆனால் அடர்ந்த காட்டில் முக்கால்வாசிக் கணக்கு காதால்தான் நடக்கும் என்பது போன பிறகுதான் புரிந்தது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும். விடிவதற்கு முன்பே பஸ் உண்டு. அங்கிருந்து செண்பகத்தோப்பு அடிவாரத்துக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய். "குருவி எண்ணவா இம்புட்டுக் காலைல வாரிய? எண்ணி என்ன செய்யப் போறிய?" என்றார் ஓட்டுநர். "எங்கன கூடு கட்டுதுன்னு தெரிஞ்சாத்தானே அந்த எடத்தக் காப்பாத்த முடியும்" என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

என்னோடு ஜோடி சேர்ந்தவர் மரகதம், வ. புதுப்பட்டிக்காரர், நர்ஸ். முதல் நாள் அவர் ஒவ்வொரு சத்தமாகச் சொல்லச் சொல்ல நான் வெறுமனே நின்றேன். சாயங்காலம் குழுத் தலைவர் தயங்கித் தயங்கி, "நாளைக்கு நீங்க கேம்ப்லயே இருந்து எழுத்து வேலையப் பாக்கலாமே" என்றார்.

முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "பாடுறதுதான் சார் எனக்குக் கேக்காது. கூட்டுக்கு இரை கொண்டு போறத கண்ணாலதானே பாக்கணும்? அந்த வேலையக் குடுங்க."

"அண்ணன் எங்கூடயே வரட்டும் சார். நான் கேட்டுச் சொல்லுதேன், அவிய பாக்கட்டும்" என்றார் மரகதம். தலைவர் ஒரே ஒரு காலைப்பொழுது தந்தார்.

மறுநாள் வனக்காவலரோடு ஓடையை ஒட்டி ஏறினோம். மரகதம் சட்டென நின்று, "அண்ணே, நீல ஈப்பிடிப்பான் பாடுது. ஓடைக்கு அங்கிட்டு" என்றார். எனக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பாறை மறைவில் உட்கார்ந்தேன். காலில் எறும்பு ஏறியது, அசையவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கொடியில் வந்து உட்கார்ந்தது, நீல முதுகும் ஆரஞ்சு நெஞ்சுமாக. அலகில் பச்சைப் புழு!

ஆனால் அது எங்கும் போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு கொடிக்குக் கொடி தாவியது. புழு அலகிலேயே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. "மரகதம், நம்மளப் பாத்துப் பயப்படுது. கூடு பக்கத்துலதான் இருக்கு. பின்னால போயிருவோம்."

"போனா ஒண்ணும் தெரியாதேண்ணே. இன்னைக்கு விட்டா உங்களுக்கு வேற நாளும் இல்ல."

"குஞ்சு பட்டினி கெடக்குமே."

நாற்பது அடி பின்வாங்கினோம். அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கி, சாரல் விழுந்து, எல்லாமே வெள்ளையாகிவிட்டது. வனக்காவலர் கிளம்பலாமா என்பது போல் பார்த்தார். "இன்னும் செத்த நேரம்" என்றேன். பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தேன். மேகம் ஒருமுறை விலகியது. புழுவோடு பாறை இடுக்குக்குள் நுழைந்தது குருவி. வெளியே வந்தபோது அலகு காலி. மரகதம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தப் பகுதியில் எங்கள் குழு உறுதி செய்த முதல் கூடு அது.

போக நினைப்பவர்களுக்கு: வனத்துறை அனுமதி இல்லாமல் மலையேறக் கூடாது. மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். இரையோடு வரும் பறவை கூட்டுக்குள் போகாமல் தயங்கினால், உடனே பின்வாங்குங்கள். உடம்பில் குறை இருந்தால் முதல் நாளே சொல்லி, உங்களால் முடிந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். மில்லில் இருப்பவர்கள் தயவுசெய்து காதடைப்பான் போடுங்கள்.

நீல ஈப்பிடிப்பானின் பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தன் குஞ்சுக்கு இரை ஊட்டப் போனதைப் பார்த்திருக்கிறேன்.