அவளுக்கு முன் ஒரு மிடறு

இந்த ஜெர்மன் நகரத்தின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு, நகருக்கு வெளியே ஒரு சிம்பன்சிக் காப்பகத்தில் சமையலறை வேலை கிடைத்தது. ஆய்வுகூடங்களில் இருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவை அங்கே இருந்தன. ஓய்வாம்! ஏதோ பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்தவை மாதிரி.

அந்தச் சிம்பன்சிகளில் ஒரு கிழவி யார் கையாலும் எதுவும் குடிக்கமாட்டாள். ஆய்வுகூடத்தில் பழச்சாற்றில் மயக்க மருந்தைக் கலந்து கொடுத்துத்தான் அவளைக் கூட்டிலிருந்து தூக்கிப் போவார்களாம். குழாய்த் தண்ணீர் மட்டும்தான் அவளுக்கு. காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் மருந்து கொடுப்பது பெரும்பாடு.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் பழச்சாற்றை நானே குடித்துக் காட்டினேன். எங்கள் வளர்ப்பு அப்படி, கோப்பையில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிவிட்டு நீட்டினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பல நாள் மினக்கெட்டேன். ஒரு நாள் கழுத்துப் பிடிப்பு, அண்ணாந்து ஊற்ற முடியாமல் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். எழும்பி வந்தாள். கோப்பை விளிம்பை முகர்ந்தாள். குடித்தாள். சனியன், என் எச்சிலைத்தான் தேடியிருக்கிறாள்.

அதன்பின் தினமும் எனக்கு ஒரு மிடறு, மிச்சம் அவளுக்கு. சுகாதார விதிப்படி அது கூடாது. பொறுப்பாளர் அம்மா கண்டும் காணாதவர் போல இருந்தார். வீட்டில்தான் பகிடி. "எனக்கு ஒருநாளும் தேத்தண்ணி மிச்சம் வைக்காத ஆள், குரங்குக்கு எச்சில் குடுக்கிறீர்" என்பார் என் கணவர்.

போன பனிக்காலம் அவளுடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. வலியில் முனகிக்கொண்டே கிடந்தாள். இனி நிம்மதியாகப் போக விடுவோம் என்றார் மிருக வைத்தியர். முதலில் மயங்க வேண்டும், பிறகுதான் கடைசி ஊசி. மயக்க மருந்தைப் பழச்சாற்றில் கலந்து என் கையால் கொடுக்கக் கேட்டார்கள். மாட்டேன் என்று கத்தினேன். அப்படியானால் ஊசித் துப்பாக்கிதான் என்று சொல்லிப் பொறுப்பாளர் அழுதார்.

வெளியே போய்க் கணவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஊசித் துவக்கைக் கண்டு அவள் பயந்து கத்திறதைப் பாக்க உம்மால ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஏலாது."

"அப்ப போய்க் குடும்."

போனேன். என்னைக் கண்டதும் மெல்ல எழும்பி உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். ஒரு துளியும் என் வாய்க்குள் போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடிப்பது போலக் கோப்பையில் வைத்து எடுத்தேன். விளிம்பை முகர்ந்தாள். மிச்சம் விடாமல் குடித்தாள்.

பிறகு கம்பிக்குள்ளால் என் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். எத்தனையோ படித்தவர்கள் ஏமாற்றியதால் யாரையும் நம்பாமல் இருந்தவள், கண் செருகும்வரை என் விரலை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.