அம்மா பாடவில்லை

எங்கள் பக்கத்து ஊரான பலாபத்வலையில் இப்போது டயர் கடை இருக்கும் இடத்தில் முன்பு ஓடு போட்ட ஒரு வீடு இருந்தது. ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே வட்டமாகக் கதிரை போட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். குவேக்கர்கள். கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, சுவரில் ஒரு படம்கூடக் கிடையாது. யாரையாவது உள்ளிருந்து ஏதோ உந்தினால் நாலு வார்த்தை சொல்வார். கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எழுந்திருப்பார்கள்.

நான் போனது அவர்களுடைய இரண்டு அலுமாரிப் புத்தகங்களுக்காக. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரும். உயர்தரம் படித்த இரண்டு வருடமும், ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். மௌனத்தில் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன். அது முடிந்ததும் ஒரு கவிதையை எடுத்தால், சொற்களெல்லாம் கழுவி வைத்தது போலிருக்கும்.

அவர்களுடைய முன்னோர், கதையையும் ஓவியத்தையும் வீட்டுக்குள் விடமாட்டார்களாம். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது பொய் என்று நினைத்தார்களாம். நான் பழகியவர்கள் அப்படியில்லை. நாவல் படித்தார்கள், ஒருவர் படம்கூட வரைந்தார். ஆனால் எதைப் பார்த்தாலும் "இது உண்மையா?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவர்களிடம் தங்கியிருந்தது.

அவர்கள் எழுதியவற்றைக் கையால் பிரதி செய்து வைக்கும் தடித்த கொப்பி ஒன்று அங்கே இருந்தது. அதில் ஒரு கவிதை ஏற வேண்டுமென்றால் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாக்கெடுப்பு இல்லை. குறிப்பெழுதும் ஓய்வுபெற்ற தபாலதிபர் "எல்லாருக்கும் சரியா?" என்று கேட்பார். மௌனமாக இருந்தால் சரி. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் காத்திருக்க வேண்டும்.

என் எழுத்து அந்தக் கொப்பியில் ஏற வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. அம்மாவைப் பற்றி எழுதினேன். அவர் கேட்க வேண்டுமென்று அவரையும் கூட்டிப் போனேன். விடியற்காலையில் அம்மா பாடிக்கொண்டே மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறார், பாட்டைக் கேட்டு ரப்பர் மரங்கள் சுரக்கின்றன என்று கவிதை முடியும்.

"எல்லாருக்கும் சரியா?"

மௌனம்.

"சரியில்லைங்களே ஐயா," என்றார் அம்மா.

"சொல்லுங்கம்மா."

"நான் எங்கங்க பாடுறேன்? முன்னூறு மரம். எண்ணிக்கிட்டே போகணும். பாடுனா எண்ணிக்கை விட்டுப்போயிரும்."

"அம்மா, கவிதைன்னா அப்படித்தான்!"

"இருக்கும் புள்ள. ஆனா நான் பாடுறதில்லயே."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார். தபாலதிபர் பேனாவை மூடினார். "அப்ப காத்திருப்போம்."

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

"கோவமா?"

"நான் படிச்சவ. எனக்குத் தெரியாதா?"

"படிச்சவளுக்கு ஆத்தா வாயத் தொறந்தாளா இல்லையான்னு தெரியலியே."

உண்மைதான். படிப்பு கெடும் என்று அம்மா என்னை ஒரு நாளும் அந்த ரப்பர் மலைக்குக் கூட்டிப் போனதில்லை. அந்தப் பாட்டு, நான் படித்த புத்தகங்களிலிருந்து வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பின்னால் போனேன். அம்மாவின் தலையில் டோர்ச், கையில் கத்தி. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நூறு மரம் முடிந்ததும் கீழே கிடந்த ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். இருநூறுக்கு இன்னொன்று. சின்ன வயதில் தினமும் பகலில் எனக்கு மூன்று கொட்டை கிடைக்கும். நான் விளையாடத்தான் கொண்டுவருகிறார் என்று இருந்தேன்.

அந்த மூன்று கொட்டைகளை எழுதினேன். மறுபடி அம்மாவோடு போய் வாசித்தேன். தபாலதிபர் கேட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மடியைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். அவ்வளவு நீளமான மௌனத்தை அந்த வீட்டில் நான் வேறெப்போதும் உட்கார்ந்து கடந்ததில்லை. பிறகு பேனா திறக்கும் சத்தம். அம்மா தானாகவே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பால் காய்ந்து சொரசொரப்பான கை.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார், "ஒரு நா பாடுனேன்."

"எப்ப?"

"ஒன் ஓ.எல். பரீட்ச ரிசல்ட் வந்ததுக்கு மறுநா. எண்ணிக்கை விட்டுப்போச்சு. ஒரு வரிசைய வெட்டாமலே எறங்கிட்டேன். கங்காணி அந்த ஏச்சு ஏசுனாரு."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நான் தெனமும் பாடுறேன்னுல்ல நீ எழுதியிருந்த."