அத்தை வீட்டுச் சாமான்

எனக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது எங்கள் அத்தையின் வீடு பேஸ்மெண்டில் இருந்தது. அத்தை எங்களோடு மூன்றாம் மாடியில் இருந்தாள். வீடு மட்டும்தான் கீழே.

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்தோம். பேஸ்மெண்டில் கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டினால் நீளமாக ஒரு அறை வரும். அதைக் கம்பி வலை போட்டுத் தடுத்து, ஃபிளாட்டுக்கு ஒரு கூண்டு என்று விட்டிருந்தார்கள். ஸ்டோர் என்போம். மற்றவர்கள் கூண்டில் ஓடாத சைக்கிள், பழைய சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி என்று ஏதாவது கிடக்கும். எங்கள் கூண்டில் ஒரு குடித்தனமே இருந்தது. கால் கழற்றிய கட்டில், பீரோ, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, கிரைண்டர், கேஸ் அடுப்பு, சாக்கில் கட்டிய பாத்திரங்கள். அத்தைக்குக் கல்யாணத்தில் கொடுத்த சீர். அத்தையும் மாமாவும் ஓசூரில் வீடு எடுத்து ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. அத்தை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா வீட்டைக் காலி செய்துவிட்டு கிருஷ்ணகிரியில் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சாமான்களை அப்பா வண்டி வைத்து எடுத்துவந்தார். பேசிச் சரி செய்துவிடலாம், மறுபடி ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம், அதுவரை எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால் போதும் என்பது அப்பாவின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கீழே போகும்போது நானும் போவேன். பீரோவைத் துடைப்பார், அந்துருண்டையை மாற்றிப் போடுவார், கிரைண்டர் கல்லை ஒருமுறை கையால் சுற்றிப் பார்ப்பார். அந்த மெத்தையில் ஏறிக் குதிக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. விடமாட்டார். "அத்தை வீட்டுச் சாமான்டி. உறை கிழிஞ்சா நல்லா இருக்காது" என்பார். மேலே ஹாலில் அத்தை என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். மெத்தையை மேலே கொண்டுவரலாமே என்று ஒருநாள் கேட்டேன். இடம் ஏது என்றார் அப்பா. இடம் இல்லாதது உண்மைதான். ஆனால் அம்மா அப்போது அவரைப் பார்த்த பார்வை இடத்தைப் பற்றியது இல்லை.

ஒருநாள் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஸ்டோர் இனி ஓனர்களுக்கு மட்டும், வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களை எடுத்துவிட வேண்டும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டுக்குப் போனார். செக்ரட்டரி கன்னடக்காரர், ரிட்டயரானவர், தமிழ் நன்றாகவே பேசுவார். எங்களை உட்காரவைத்து, "ஸ்டோர் ஓனர்ஸ்க்குத்தானே, அல்வா?" என்றார். கன்னடத்தில் 'இல்லையா' என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. உள்ளேயிருந்து அல்வா வரும் என்று அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பாதிப் பேச்சைக் கவனிக்கவில்லை. அப்பா கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். தங்கச்சி அதுக்குள்ள அவ வீட்டுக்குப் போயிடுவா. சாமானும் கூடவே போயிடும்."

சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அல்வா வராத கதையைச் சொன்னேன். கூடவே இதையும் சொன்னேன். சீப்பு நின்றுவிட்டது.

"ஒரு மாசம்னா சொன்னாரு அப்பா?"

ஆமாம் என்றேன். அன்று பின்னல் வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை காலையில் அப்பா கிளம்பியதும் கிளம்பி, அவர் வருவதற்குள் திரும்பிவிடுவாள். எங்கே என்று கேட்டால் கோயிலுக்கு என்பாள். அம்மா அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பாள். கோயிலுக்கு எதற்கு எலுமிச்சைச் சாதம் என்று எனக்குக் குழப்பம். சாமிக்குப் படைக்க என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, மாமா வீட்டாரோடு பேச கிருஷ்ணகிரிக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பேஸ்மெண்டுக்குள் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவரும் செக்யூரிட்டியும் கட்டிலைத் தூக்க, அத்தை பாத்திர மூட்டையைத் தூக்கினாள். செக்ரட்டரி வந்து பார்த்தார். இடம் காலியாகிறதே என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அண்ணா வரலையாம்மா? வீட்டுக்காரர்?" என்று கேட்டார். "யாரும் வரல சார். நான்தான்" என்றாள் அத்தை. அவர் போய்த் தன் கூண்டைத் திறந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்துவந்து, பீரோ சாயாமல் அவரே இழுத்துக் கட்டினார்.

வண்டியில் ஏறும் முன் அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "அப்பா போன் பண்ணா, அத்தை அவ வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லு" என்றாள்.

மதியம் போன் வந்தது. எப்போதும் ஓடிவந்து எடுக்கும் அம்மா, கை ஈரம், நீயே பேசு என்றுவிட்டாள். "பாப்பா எங்கடி?" என்றார் அப்பா. அத்தையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அத்தை அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கப்பா. கட்டில், பீரோ எல்லாம் வண்டியில ஏத்திட்டாங்க."

அந்தப் பக்கம் அப்பா யாரிடமோ, "கிளம்பிட்டாளாம், சாமானோட கிளம்பிட்டாளாம்" என்று சொல்வது கேட்டது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. நானும் சந்தோஷமாக போனை வைத்தேன்.

கிருஷ்ணகிரியில் எல்லோரும் வாசலைப் பார்த்து வண்டிக்காகக் காத்திருந்தார்களாம். வெகுநேரம் வராமல் போகவே, அப்பா மறுபடி போன் செய்து அம்மாவிடம் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பிறகு அங்கே என்ன நடந்தது என்று அப்பா சொன்னதே இல்லை. இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை, தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது. பஸ்ஸில் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தெரியும்."

சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனார். அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் அத்தைக்குச் செக்கிங் வேலை. பக்கத்திலேயே மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தாள். பீரோ கதவுக்குள் நுழையாமல் வெளியே நடையில் நின்றது. உள்ளே கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் அடுப்பு. நான் ஓடிப்போய் மெத்தையில் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. அப்பா மெத்தை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உறையைக் கிழிச்சிட்டியா?"

"படுக்கணுமில்ல அண்ணே" என்றாள் அத்தை.

அப்பா தலையை ஆட்டினார். அத்தை காபி போட்டுக் கொடுத்தாள். வாங்கிக் குடித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தவர், எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். கதவை உள்ளுக்கு ஒருமுறை பலமாக இழுத்தார். தாழ்ப்பாள் ஆடியது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வரும்போது கையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாளும் ஸ்குரூக்களும் இருந்தன. எங்கேயோ ஒரு ஸ்குரூ டிரைவரும் வாங்கி வந்திருந்தார்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உள்பக்கம் மண்டியிட்டு ஒவ்வொரு ஸ்குரூவாக முடுக்கினார். அவருக்கு இந்த வேலையெல்லாம் பழக்கமில்லை. உள்ளங்கை சிவந்துவிட்டது. முடித்ததும் வெளியே போய் நின்று, உள்ளே தாழ் போடச் சொல்லி, தோளால் கதவை இடித்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி, இன்னும் பலமாக இடித்தார்.

"யார் வந்து கூப்பிட்டாலும், கேட்டுட்டுத் திற பாப்பா" என்றார் வெளியிலிருந்தே.

"சரிண்ணே."

திருடனுக்காக என்றுதான் நான் நினைத்தேன். அந்த அறையில் திருட என்ன இருக்கிறது, பீரோவே வெளியில்தானே நிற்கிறது என்றும் யோசித்தேன். அப்பாவுக்கு அது தோன்றவில்லையே என்று, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.