பால் கறக்கிற சேலை

திருச்சுழிப் பக்கம் மழையே இல்லாத வருடம் அது. வைக்கோலுக்கு வழியில்லாமல் எங்கள் பசுவை அறுப்புக்கு விற்றோம். வாங்க வந்த வியாபாரி நல்ல உயரம். பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. கையில் கம்பு வைத்துக்கொள்ளாத மாட்டு வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

தெருவில் நின்ற லாரியில் பசு ஏற மறுத்தது. என் வீட்டுக்காரர் அதன் வாலை முறுக்கினார்.

"விடுங்கண்ணே. மெரண்டா ஏறவே ஏறாது" என்று தடுத்துவிட்டு, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "தாயி, பால் கறக்கயில எந்தச் சேலை கட்டுவ?"

வெளியாளிடம் எனக்குப் பேச்சு வராது. அடிபடாமலாவது போகட்டும் என்று, கொடியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்து நீட்டினேன்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குள் போய் நின்றார். பசு மோந்து பார்த்தது. பிறகு தானாகவே பலகையில் கால் வைத்து ஏறி, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

"சேலை..." என்றேன்.

"இருக்கட்டும் தாயி. அங்க போயி எறக்கணும்ல."

ஒரு மாட்டின் மனசை அவர் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்த ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம்.